கால் தேக்கரண்டி இரத்தம்

எனக்கு வருஷத்துக்கு ஒரு விருந்தாளிதான். அவரும் என்னைப் பார்க்க வருவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே எண்பது பாகைக் குளிரில் உறைந்து கிடக்கும் தன் புருஷனைப் பார்க்க வருவார். அந்த ஃப்ரீசரின் சாவி என்னிடம் இருப்பதால் என்னையும் பார்த்துவிட்டுப் போவார்.

புருஷன் என்றால் முழு மனிதர் இல்லை. கால் தேக்கரண்டி இரத்தம். அதிலும் சிவப்பை வடித்தெடுத்துவிட்டு மிஞ்சிய மஞ்சள் தெளிவு. சுண்டுவிரல் நுனியளவு குப்பி, நீல மூடி, மூடியில் 0417 என்ற இலக்கம். பேராதனையில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்தின் பின்னறையில், ஏழாம் தட்டில், 'பாம்பு தெரியாது' என்று நான் எழுதி ஒட்டிய பெட்டியில் அது ஒன்பது வருஷம் இருந்தது.

விருந்தாளியின் பெயர் ரத்தினம்மா. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்து, இப்போது பென்ஷனில் இருப்பவர். வயது அறுபதுக்கு மேல். புருஷன் சின்னமுத்து 2015இல் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது பாம்பு கடித்து, ஆறாம் நாள் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய்ச் செத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அவரிடமிருந்து இரத்தம் எடுத்தவள் நான். சம்மதப் பாரத்தில் கைநாட்டு வாங்கியதும் நான்தான்.

அப்போது எங்களுக்கு அரசாங்க ஆராய்ச்சி நிதியிலிருந்து முதல் மானியம் வந்திருந்தது. பாம்புக்கடிக்குப் பிறகு சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் தமையன் ரொறன்ரோவிலிருந்து சிரித்தான். "நாட்டில ஒண்டுக்கும் காசில்ல, பாம்புக்கு மட்டும் குடுக்கினமோ?" என்றான். முதல் மூன்று வருஷம் நாங்கள் செய்ததெல்லாம் குப்பி நிரப்பியது, பாரம் நிரப்பியது, வருஷ முடிவில் 'முன்னேற்றம் திருப்திகரமானது' என்று அறிக்கை எழுதியது.

நான் சாவகச்சேரிக்காரி. கண்டிக்கு வந்து பதினோரு வருஷம். மஹய்யாவவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், படியில் கண்டால் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தமையன் போன் எடுப்பான். அங்கே பனியா என்று நான் கேட்பேன், இங்கே மழையா என்று அவன் கேட்பான். இரண்டும் பெய்துகொண்டுதான் இருக்கும். அத்தோடு கதை முடிந்துவிடும். மானியம் வந்தால் வேலை, நின்றால் வீடு என்ற ஒப்பந்தத்தில் இருப்பவளுக்கு அயலவரும் அப்படித்தான், ஒட்டியும் ஒட்டாமலும். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு வீட்டிலாவது என்னை உட்கார வைத்து ஒரு பிடி சோறு போட்டதில்லை என்பதை நான் எண்ணிப் பார்க்காமலும் இல்லை.

ரத்தினம்மா வர ஆரம்பித்தது என் வாய்ச்சொல்லால். சின்னமுத்து செத்து ஒரு வருஷம் கழித்து, குடும்ப விபரம் கேட்கும் பாரத்தோடு தோட்டத்துக்குப் போனேன். லயத்து வரிசை வீட்டின் வாசலில் நிற்கவைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர், நான் புறப்படும்போது, "அவர்கிட்ட எடுத்த ரத்தம் என்னாச்சு மிஸ்?" என்று கேட்டார்.

"பத்திரமா இருக்கு அக்கா. ஒரு நாளைக்கு வந்து பாருங்கோவன்."

எங்கள் பக்கத்தில் யாரைக் கண்டாலும் வாங்கோ என்போம். யாரும் வரமாட்டார்கள். ரத்தினம்மா அதற்கு அடுத்த வாரம் வந்துவிட்டார்.

வாசல் காவல்காரருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் 'பரிசோதனைக்கு வந்தவர்' என்று பதிவு செய்தேன். ஃப்ரீசரைத் திறந்து பத்து விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது, அலாரம் கத்தும். பத்து விநாடியில் தட்டை இழுத்து, கையுறையோடு குப்பியை எடுத்துக் காட்டினேன். வெள்ளைப் புகை இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அவர் கும்பிட்டார்.

"ரத்தம்னாங்க. எண்ணெ மாதிரி இருக்கு?"

விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார். பிறகு பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். முந்தின நாள் சின்னமுத்துவுக்கு வருஷப் படையல். ரொட்டி, கருவாட்டுச் சம்பல், இரண்டு உளுந்து வடை. இரண்டு பேரும் தேநீர் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை மட்டும் தின்று, மீதியை எனக்குத் தள்ளினார்.

அதன்பின் ஒவ்வொரு ஐப்பசியிலும் படையலுக்கு மறுநாள் வருவார். பத்து விநாடி புருஷன், ஒரு மணித்தியாலம் நான். காலையிலிருந்தே நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் வருஷம்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

சின்னமுத்துவைக் கடித்த பாம்பைக் கவ்வாத்துக் கத்தியாலேயே அடித்துப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாம்பையும் எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் கடித்த பாம்பு முழுதாக எரிந்து முடிந்தால்தான் கடிபட்டவனுக்கு விஷம் இறங்கும் என்பது அந்த லயங்களில் ஒரு நம்பிக்கை. அது எரிய எரிய இவனுக்குக் குணமாகும். ரத்தினம்மாவே மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். மழை ஈரத்தில் விறகு பிடிக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் ஊதி ஊதி எரித்திருக்கிறார். பிறகுதான் வான் பிடித்திருக்கிறார்கள்.

"டொக்டர் கேட்டாரு, என்ன பாம்புன்னு. சாம்பலத்தான் காட்டணும். அப்புறம் படம் போட்ட அட்டை ஒண்ணு கொண்டாந்தாரு. எல்லாப் பாம்பும் அதுல இருந்துச்சு. எதுன்னு தொட்டுக் காட்டச் சொன்னாரு. சின்னதா, மண்ணு நெறமா இருந்துச்சுல்ல, குனகட்டுவாதான்னு நெனச்சு அதுல வெரல வச்சேன்."

குனகட்டுவா தேயிலைக்குள் எங்கும் கிடக்கும் சின்ன விரியன். சிங்களப் பெயர்தான் எல்லார் வாயிலும். அதன் விஷத்துக்கு இலங்கையில் மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் இருக்கும் மருந்து வேறு பாம்புகளுக்கானது. குனகட்டுவாக் கடிக்கு அதை ஏற்றினால் பலனுமில்லை, ஒவ்வாமையில் ஆளே போய்விடக்கூடும். அதனால் காத்திருந்து பார்ப்பார்கள். பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் கண்ணாடி விரியனின் குட்டியும் சின்னதாக, மண்ணிறமாகத்தான் இருக்கும். அதற்கு மருந்து உண்டு. நேரத்துக்கு ஏற்றினால் ஆள் எழும்பி வீட்டுக்குப் போகலாம். அந்த உயரத்தில் கண்ணாடி விரியன் இராது என்று எல்லோருமே நினைத்திருந்தோம். டொக்டரும் அப்படி நினைத்ததில் பிழையில்லை.

"நான் வச்ச வெரல் சரியா மிஸ்?" என்று ரத்தினம்மா கேட்டார். "அத மட்டும் யாராவது சொல்லிட்டா போதும்."

"தெரியாது அக்கா. கண்டுபிடிக்க எங்களிட்ட வழியில்ல."

அன்றைக்கு அது உண்மை.

இரண்டாம் மானியம் வந்தது. வந்த வேகத்தில் நாடு நொடித்துப்போனது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய இரசாயனம் வரவில்லை. மின்சாரம் நாளுக்குப் பத்து மணித்தியாலம் இல்லை. ஃப்ரீசர் இளகினால் ஏழு வருஷமும் தண்ணீர். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க நான் இரண்டு கேனோடு வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற மனிதர், "என்ன வாகனம் மிஸ்?" என்றார். "வாகனமில்லை, பாம்பு கடிச்ச ஆக்கள்ட ரத்தத்துக்கு" என்றேன். ஓரடி தள்ளி நின்றுகொண்டார். அந்த மாதங்களில் எனக்கு அறிவியல் மீது பெரிய பற்று இருந்தது என்று சொன்னால் பொய். 0417 இளகிப்போனால் ஐப்பசியில் யார் வருவார் என்ற பயம் இருந்தது.

எல்லாரும் கைவிட்ட பிறகு மூன்றாம் மானியம் வந்தது. எங்கள் தலைவர் டொக்டர் ஹபீல் கண்டிக்காரர், சத்தம் போடாத மனிதர். கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "றஞ்சனா, இனி குப்பிகள வச்சி ஏதாச்சும் செய்வோம்" என்றார். செய்தோம். பாம்பு இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த இருநூற்றுச் சொச்சம் குப்பிகளைக் கொண்டு ஒரு பரிசோதனைப் பட்டி உருவானது. கர்ப்பம் பார்க்கும் பட்டி போலத்தான். மூன்று சொட்டு விட்டால் பதினைந்து நிமிஷம். நடுவில் ஒரு கோடு எப்போதும் வரும், பட்டி வேலை செய்கிறது என்பதற்கு. அதற்கு மேலே கோடு வந்தால் கண்ணாடி விரியன். கீழே வந்தால் குனகட்டுவா. பாம்பைக் கொண்டு வரவும் வேண்டாம், படத்தில் விரல் வைக்கவும் வேண்டாம்.

கடைசியாக, பாம்பு தெரியாத பெட்டியையும் இந்தப் பட்டியால் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானமானது. நாற்பத்துமூன்று குப்பி. அதற்கு முன் அந்தந்தக் குடும்பத்திடம் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும். வாங்க முடியாதவற்றை எரித்துவிட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர்கள் கைநாட்டு வைத்தது சிறுநீரக ஆராய்ச்சிக்குத்தான், பட்டிக்கு அல்ல. நாற்பத்திரண்டு குடும்பம் போனிலேயே சரி என்றன. பாதிப் பேருக்கு இரத்தம் எடுத்ததே ஞாபகமில்லை. ரத்தினம்மா மட்டும், "படையல் முடிஞ்சு வருவேன்ல, நேர்ல பேசிக்குவோம்" என்றார்.

வந்தார். 2024 ஐப்பசி. நான் வழக்கம்போல ஃப்ரீசரைத் திறக்கப் போனேன். "இருங்க மிஸ், மொதல்ல சொல்லுங்க" என்று கதிரையில் உட்கார்ந்தார். சொன்னேன்.

"செஞ்சா தீந்துருமா?"

"ஓம் அக்கா. ஒருக்கா இளகினா மிச்சத்தையும் அழிச்சுப்போட வேணும். ஒரு சொட்டும் மிஞ்சாது."

"எந்தப் பாம்புன்னு தெரிஞ்சுருமா?"

"பட்டியில தெரியும். ஆனா தனி ஆக்களுக்கு முடிவைச் சொல்லுறேல்ல எண்டுதான் வழக்கம்."

"அப்ப வேணாம். எரிச்சுருங்க" என்று எழுந்தார். அவர் என்னிடம் குரலை உயர்த்திய முதல் தடவை அது. நான் டொக்டர் ஹபீலிடம் ஓடினேன். அவர் விதிக்கோவையைப் புரட்டவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. "குடும்பம் கேட்டா சொல்லலாம்னு இருக்கு றஞ்சனா. அவங்கட ரத்தம், அவங்க கேக்கிறாங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றார்.

ரத்தினம்மா கைநாட்டு வைத்தார். பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டே, "மிஸ், கடைசியா ஒரு தடவ கையில குடுங்களேன்" என்றார். அவருக்குக் கையுறை போட்டுவிட்டுக் குப்பியைக் கொடுத்தேன். உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். இளகட்டும் என்று காத்திருக்க வேண்டித்தான் இருந்தது. அவர் கைச்சூட்டிலேயே இளகட்டும் என்று விட்டேன். விதிப்படி பிழை.

மூன்று சொட்டு விட்டேன். பதினைந்து நிமிஷம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அவர் பேசினார். சின்னமுத்துவுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காதாம். சம்பள நாளில் ஹேவாஹெட்ட டவுனுக்குப் போனால் தனக்கென்று ஒன்றும் வாங்கமாட்டாராம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாராம், அந்தச் சத்தம் இல்லாமல் முதல் இரண்டு வருஷம் இவருக்குத் தூக்கம் வரவில்லையாம். நான் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கோடு முதலில் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலே, மெல்லிய ரோஜா நிறத்தில் ஒரு நிழல் விழுந்து, நான் பார்க்கப் பார்க்கச் சிவந்து தடித்தது. கீழே வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

கண்ணாடி விரியன்.

மருந்து இருந்த பாம்பு. பாம்பைக் கொண்டு போயிருந்தால், முக்கால் மணித்தியாலம் தீ ஊதாமல் இருந்திருந்தால், அட்டையில் விரல் ஓரங்குலம் தள்ளி வைக்கப்பட்டிருந்தால், சின்னமுத்து இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கியிருக்கலாம்.

ரத்தினம்மா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். பட்டியைக் குனிந்து பார்த்தார்.

"சொல்லுங்க மிஸ். என் வெரல் சரிதானா?"

"சரி அக்கா" என்றேன். "குனகட்டுவாதான். மருந்தே இல்லாத பாம்பு. நீங்க பாம்பைக் கொண்டு போயிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து, நீளமாக மூச்சு விட்டார். "ஒம்பது வருசம்" என்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். அன்றைக்குத்தான் அவர் ஒரு முழு ரொட்டியைச் சாப்பிட்டு நான் பார்த்தேன். போகும்போது என் கன்னத்தைத் தடவி, "நல்லா இருக்கணும்" என்றார். பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போயிருக்கலாம். ஜன்னலில் நின்று அவர் வாசலைக் கடந்து மறையும்வரை பார்த்தேன். இனி அவர் பார்க்க இங்கே ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து பதிவேட்டில் எழுதினேன். 0417, மேல் கோடு, திடமானது. அதில் என்னால் பொய் எழுத முடியவில்லை. ஒரு கிழவியிடம் சொல்ல முடிந்தது.

இரக்கத்தால் சொன்னேன் என்று பல மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இரக்கமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் அவர் உடைந்துபோனால் பக்கத்தில் இருந்து தாங்கவேண்டியவள் நான் ஒருத்திதான். எனக்கு அது பழக்கமில்லை. பயந்துபோனேன். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமைப் போனில் பனியையும் மழையையும் தாண்டி என் நாக்கு வரவில்லை.

நாற்பத்துமூன்று குப்பியின் முடிவையும் டொக்டர் ஹபீல் வரைபடத்தில் குறித்தார். 0417 முன்னால் வந்ததும் பேனையை வைத்துவிட்டார். "இந்த உயரத்தில கண்ணாடி விரியனா? அப்ப மேல உள்ள ஆஸ்பத்திரிகள்லயும் மருந்து கூடுதலா இருக்க வேணுமே!" அந்த ஒரு புள்ளியை வைத்து அவர் அமைச்சுக்கு மூன்று கடிதம் எழுதினார். பங்குனியில் பட்டியைப் பரீட்சித்துப் பார்க்க மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிகள் ஆறு தெரிவாயின. பட்டியோடு மருந்துக் குப்பிகளும் போயின. ஆய்வுகூடத்தில் கேக் வெட்டினார்கள். "பத்து வருஷத்துக் கஷ்டம், அல்ஹம்துலில்லாஹ்" என்று ஹபீல் எனக்கு முதல் துண்டைத் தந்தார். நான் அதைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டேன். பெட்டிகள் காலியானதும் ஃப்ரீசரை நிறுத்தினேன். அதன் இரைச்சல் இல்லாமல் அந்த அறை எனக்குப் பிடிக்கவே இல்லை.

மறு ஐப்பசி வந்தது. அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்தும் அன்று கன்டீனில் இரண்டு வடை வாங்கி வைத்துவிட்டு ஜன்னலடியில் நின்றேன். பைத்தியக்காரி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பத்தரை மணிக்கு மழைக்குள் கறுப்புக் குடையோடு ரத்தினம்மா வாசலில் நின்று காவல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் படியிறங்கி ஓடினேன்.

"வாங்கோ அக்கா! நனைஞ்சுபோனியள்."

அவர் சிரிக்கவில்லை. தேநீர் அறைக்கு வந்து உட்கார்ந்தார். பையை மடியிலேயே வைத்திருந்தார், மேசையில் வைக்கவில்லை.

"ஆடி மாசம் பக்கத்து லயத்துப் பொண்ண பாம்பு கடிச்சிருச்சு மிஸ். அஞ்சு மாசப் புள்ள இருக்கு அதுக்கு. அடிச்சுப்புட்டு எரிக்க வெறகு தேடுறானுங்க. பட்டி வந்த சேதி தோட்டம் பூரா பேசிக்கிட்டாங்கல்ல, நான்தான் சத்தம் போட்டேன். பாம்பு கெடக்கட்டும், ஆஸ்பத்திரில பட்டி வந்துருக்கு, எங்க மிஸ் செஞ்சது, ஆளத் தூக்குங்கடான்னு. நானும் கூடப் போனேன்."

"பிழைச்சிட்டாவோ?"

"பொழச்சுருச்சு. புள்ளைக்குப் பால் குடுக்குது." முந்தானையால் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டார். "மூணு சொட்டு விட்டாங்க. காமணி நேரம். நீங்க செஞ்ச மாதிரியேதான். அங்க இருந்த நர்சம்மா எங்களுக்குக் காட்டுனாங்க. கோடு மேல வந்துச்சு. மேல வந்தா கண்ணாடி விரியன், மருந்து இருக்கு பயப்படாதீங்கன்னாங்க."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தேன்.

"நம்ம ஆளுக்கும் மேலதான் வந்துச்சு" என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது மிஸ். மேல எது கீழ எதுன்னு தெரியும்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா." குரல் எனக்கே கேட்கவில்லை. "நீங்க தாங்கமாட்டியள் எண்டு நினைச்சன்."

"ஒம்பது வருசம் தாங்கலியா? நான் தாங்குனேனா இல்லியா?" மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கங்காணி எங்கிட்ட உண்மையச் சொன்னதில்ல. தொர சொன்னதில்ல. ஆஸ்பத்திரில அந்தக் கடைசி நாள் வரைக்கும் நல்லாருவாருன்னுதான் சொன்னாங்க. இந்தம்மா மட்டும்தான் தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுதேன்னு நம்பித்தான் வருசா வருசம் வந்தேன். எறக்கி வச்ச சொமய ஆடி மாசம் திரும்பத் தூக்கிட்டேன். முன்னைக்கு இப்ப கனம்."

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று விளங்கியது. எழுந்து பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன்.

"இதில பொய் எழுதேல்ல அக்கா. இதுதான் அவரின்ர இலக்கம். மேல் கோடு எண்டு எழுதியிருக்கு. உங்கட தோட்டத்து உயரத்தில அந்தப் பாம்பு இருக்கெண்டு நாங்கள் அறிஞ்சது இந்த ஒரு வரியாலதான். அதைக் காட்டித்தான் எங்கட டொக்டர் அங்க மருந்து வைப்பிச்சவர். அதுக்கு முதல் அந்த ஆஸ்பத்திரியில போதுமான மருந்து இல்ல. அந்தப் பிள்ளைக்கு ஏத்தினது அந்த மருந்துதான்."

ரத்தினம்மா வரியைப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் எழுத்தைப் பார்க்கும் பார்வை. விரலை அதன்மேல் வைத்தார்.

"இவரால வந்த மருந்தா?"

"ஓம். சின்னமுத்து அண்ணையாலதான்."

விரல் அங்கேயே இருந்தது. இப்போதுதான் அவர் கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு உண்மையச் சொல்லிருந்தீங்கன்னா, இதையும் வந்து சொல்லிருப்பீங்கல்ல? பங்குனியிலயே எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சப்ப, இது எங்க ஆளு குடுத்ததுன்னு சொல்லிருப்பேன்ல மிஸ்? சொல்லாம வந்துட்டேன். உசுரக் குடுத்த ஆள நெனச்சு எம்மேலயே ஆத்திரத்தோட அங்க நின்னேன், நீ செத்ததுக்கு நான்தான் காரணம்னு."

ஒரு வருஷமாக எனக்குத் தோன்றாத கணக்கு அது. பொய் சொல்லி அவருடைய பாரத்தை இறக்கியதாக நினைத்தேன். அவருக்குக் கிடைத்திருக்கவேண்டிய ஒரே ஆறுதலையும் அந்தப் பொய்யோடு சேர்த்து நானே பூட்டி வைத்திருந்தேன். நான் அழுதேன். அவர் முன்னால், வேலை செய்யும் இடத்தில், வெட்கமில்லாமல் அழுதேன். அவர் என்னைத் தடவவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. அழுது முடியும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் இனி இங்க வரமாட்டேன் மிஸ். பாக்கறதுக்கும் ஒண்ணுமில்ல."

"ஓம்" என்றேன்.

வாசற்படி வரைக்கும் போனவர் குடையை விரிக்காமல் நின்றார்.

"அடுத்த வருசம் படையலுக்கு நீங்க வாங்க. ஹேவாஹெட்ட பஸ்ல ஏறுனா பாலத்துகிட்ட எறக்கி விடுவான், நான் வந்து நிப்பேன். அவரு படத்துக்கு முன்னால நின்னு நீங்களே சொல்லுங்க. எந்தப் பாம்புன்னும் சொல்லுங்க, மருந்து யாரால வந்துச்சுன்னும் சொல்லுங்க. ரெண்டையும். அந்தப் பொண்ணையும் கூப்புட்டு வச்சிருப்பேன். அப்புறம் எங்களோட ஒக்காந்து சாப்புடலாம்."

மூன்றாம் மானியம் மார்கழியோடு முடிகிறது. நான்காவது வருமா என்று டொக்டர் ஹபீலுக்கே தெரியாது. அடுத்த ஐப்பசியில் நான் கண்டியில் இருப்பேனா, சாவகச்சேரியில் இருப்பேனா என்று எனக்கும் தெரியாது. எங்கே இருந்தாலும் பஸ் ஓடும்தானே என்று நினைத்தேன்.

"வாறன் அக்கா."

ரத்தினம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். மேல் கோடா கீழ்க் கோடா என்று பார்ப்பது போல.

"இது நெசமா மிஸ்?"

"உண்மை."

சரி என்று தலையாட்டி, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். நான் உள்ளே வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். ரொட்டி முழுதாக இரண்டு இருந்தது. ஒன்று அவருடையது. சாப்பிடாமல் போயிருந்தார்.